ஷிராஹா ரெய்யின் இரண்டாவது சரணம்

எங்கள் மன்றத்தில் ஒரே ஒரு விதிதான் உண்டு: இசைத்தட்டின்மேல் ஊசி படக்கூடாது.

மன்றத்தின் பெயர் 'எண்பதுகளின் பாட்டு ஆய்வு மன்றம்'. யாமகதாவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், பிங்பாங் குழுவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே எங்கள் அறை. உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். எண்பதுகளில் ஒரு நாளாவது உயிரோடு இருந்தவர் எங்களில் யாரும் இல்லை. அதனால் அந்தக் காலத்தைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை.

அறையில் பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் நாற்பத்தேழு இசைத்தட்டுகள். பக்கத்தில் நல்ல ப்ளேயர் ஒன்று, துணி போர்த்தி. அலமாரிச் சாவி தலைவர் மொகாமியின் கழுத்தில் தொங்கும். நான்கு வருடச் சட்டப் படிப்பில் அவருக்கு அது ஆறாவது வருடம். "ஒரு தடவ கேட்டா ஒரு தடவ தேயும்," என்பார். "தேஞ்சு போச்சுன்னா அது பழைய பாட்டு இல்ல, பழைய சாமான்."

பாட்டு கேட்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் யாரோ டிவியிலிருந்து வீடியோ கேசட்டில் பிடித்துவைத்து, பின்னால் இணையத்தில் ஏற்றிய படங்கள் இருந்தன. கோடு கோடாக, நடுவில் சோப்பு விளம்பரத்தோடு. நாங்கள் கேட்டதெல்லாம் அதைத்தான்.

எங்கள் மன்றத்தின் குலதெய்வம் ஷிராஹா ரெய். 1983இல் பதினெட்டு வயதில் ஒரே ஒரு பாட்டால் பெயர் வாங்கியவர். 'எலுமிச்சை சோடா மாலை'. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், நாடளவில் விற்பனையில் ஒன்பதாம் இடம். பிறகு அவரை வைத்திருந்த கம்பெனியே மூடிவிட்டது. பாட்டு குறுந்தகடாக வரவில்லை, இணையத்தில் விற்பனைக்கு இல்லை, எந்தக் கரோக்கே கடைப் பெட்டியிலும் இல்லை. மிச்சமிருப்பது ஒரே ஒரு டிவி வீடியோ. அதில் பாட்டு மட்டும் இரண்டு நிமிடம் பத்து நொடி. பாட்டுக்கு முன்னால் நிகழ்ச்சி நடத்துபவர், "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்பார். ரெய் தலையைச் சாய்த்து, "நான் ஒரே பொண்ணு. கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல," என்பார். அந்தத் தலைசாய்ப்பை எங்கள் மன்றத்துப் பையன்கள் ஐந்து பேர் அச்சாகச் செய்து காட்டுவார்கள்.

இசைத்தட்டும் எங்களிடம் இருந்தது. போன வருடம் எல்லோரும் சேர்ந்து ஏலத்தில் எடுத்தோம். பழைய சொந்தக்காரர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி அனுப்பியிருந்தார். அந்த டேப்பை நாங்கள் தொடக்கூட இல்லை. அவர் எங்களைவிடப் பெரிய ஆய்வாளர் என்று மொகாமி சொன்னார்.

குலதெய்வத்தைக் கண்டுபிடித்தது நான். பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே ஒரு சூப்பர் மார்க்கெட். ஒரு நாள் சாயங்காலம் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில், "உருளைக்கிழங்கு கொரோக்கே இப்பதான் பொரிச்சு எடுத்திருக்கோம்," என்று ஒரு பெண் குரல். 'இப்பதான்' என்பதில் குரல் கொஞ்சம் உடைந்து மேலே போனது. அந்த உடைசலை நான் எண்ணூறு தடவை கேட்டிருக்கிறேன். வீடியோவில் ஐம்பத்திரண்டாவது நொடி.

கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்து டப்பாக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தலையில் வலை, கையில் மாவு. மார்பிலிருந்த பெயர்ச்சீட்டில் மேடைப்பெயர் இல்லை, 'சாகுமா' என்று எழுதியிருந்தது.

"நீங்க ஷிராஹா ரெய் தானே?"

"கொரோக்கே ஆறுதான் மிச்சம் இருக்கு. வேணும்னா சொல்லு."

"எங்க காலேஜ் விழாவுல நீங்க பாடணும்."

"ஆறையும் வாங்கிக்கிட்டு நடையக் கட்டு தம்பி."

அன்று ஆறு தின்றேன். அடுத்த வாரம் நாலு. மூன்றாவது வாரம் செல்போனில் இசைத்தட்டின் படத்தைக் காட்டினேன். வெள்ளைச் சட்டை போட்ட பதினெட்டு வயதுப் பெண், பின்னால் சோடாக் கடை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது என்கிட்டயே இல்ல. வீட்டுல வெள்ளம் வந்தப்போ போச்சு. நிஜமாவே உங்ககிட்ட இருக்கா?"

"கண்ணாடி அலமாரியில வெச்சிருக்கோம்."

"அப்போ பாட்டு முழுக்க உங்களுக்குத் தெரியும்."

"ஒவ்வொரு மூச்சும் தெரியும்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்ன பொய்க்கு அந்தப் பெருமை கூடுதல்.

அவர் காப்பி டப்பாவை நசுக்கினார். "சரி, பாடறேன். சுதியை மூணு கட்டை எறக்கிடு. முன்வரிசையில ஒரு நாற்காலி வேணும். முதுகு சாயற மாதிரி நாற்காலி."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பின்னணி இசையை நான்தான் செய்தேன். வீடியோவைக் கேட்டுக் கேட்டு, மடிக்கணினியில், நான்கு நாள். இரண்டு நிமிடம் பத்து நொடி, ஒரு நொடி கூடக் குறையக்கூடாது என்பது மொகாமியின் உத்தரவு. ஏனென்றால் முப்பது பேர் சாட்டின் அங்கி போட்டு, நெற்றியில் துணி கட்டி, அந்தக் காலத்து ரசிகர் படை கத்தின அதே இடத்தில் அதே மாதிரி கத்தப்போகிறார்கள். 'எலுமிச்சை' என்றதும் மூன்று தடவை மரியாதையாக 'ரெய்-சான்'. 'சோடா' என்றதும் இரண்டு கைதட்டு. கடைசிப் பல்லவியில் வண்ணக் காகிதச் சுருள் வீச வேண்டும். இரண்டு மாதம் மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. பிங்பாங் குழுவினர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு விழாக்குழு தந்தது ஒரு நிமிடம். தலையும் வாலும் மட்டும்: முதல் பதினைந்து நொடி, கடைசிப் பதினைந்து நொடி. ரெய்-சான் இரண்டையும் பாடினார். "போதும். நடுவுல இருக்கறது எனக்குத் தூக்கத்துலயும் வரும்," என்று சொல்லிவிட்டு மாலை வேலைக்கு ஓடினார்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை விழா. வளாகம் முழுக்கச் சேப்பங்கிழங்குக் குழம்பு கொதிக்கும் வாசனை. 204ஆம் வகுப்பறைதான் ஒப்பனை அறை. உள்ளே நுழைந்தபோது ரெய்-சான் வெள்ளைச் சட்டையில் இருந்தார். படத்தில் இருந்த அதே மாதிரி, தானே தைத்தது. கடைசி பெஞ்சில் ஊதாத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, குழம்புக் கிண்ணத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். மஞ்சள் பாய்ந்த முகம்.

"மாட்டுக்கறியப் போட்டு, சோயாவ ஊத்தி, இதுக்குப் பேரு குழம்பா?" என்றார். "எங்க ஊரு சகாதாவுல பன்னிக்கறி, மிசோ விழுது. நாய்கூட வித்தியாசம் சொல்லும்."

"மூணு மணி நேரம் பஸ்ல வந்தது கிண்ணத்தத் திட்டவாக்கா?" என்றார் ரெய்-சான்.

"திட்ட வேற யாரும் கிடைக்கல."

அக்கா. நான் அந்தச் சொல்லை உள்வாங்குவதற்குள் அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாங்கள் அச்சடித்த துண்டுத்தாளைக் கையில் எடுத்தார். 1983இல் கம்பெனி வெளியிட்ட விவரக்குறிப்பை ஒரு எழுத்து மாறாமல் போட்டிருந்தோம். உயரம், எடை, பிடித்த பழம்.

"'கூடப்பிறந்தவர்: இல்லை,'" என்று படித்தார். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். "நான் போய் உக்காரறேன். நாற்காலிய யாராவது தூக்கிட்டுப் போயிடப்போறான்."

தடியின் சத்தம் மாடிப்படி இறங்கியது. பிறகு ரெய்-சான் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"தொமி அக்கா. பத்து வயசு மூத்தவ. நான் டோக்கியோ போகணும்னு அவளுக்கு நிச்சயமான கல்யாணத்த நிறுத்திட்டு மீன் டப்பா ஃபேக்டரிக்குப் போனா. கம்பெனிக்காரன், 'ஒரே பொண்ணுன்னு சொல்லு, அதான் எடுபடும்'னான். நான் சொன்னேன். ஃபேக்டரி சாப்பாட்டு ரூம்ல நாப்பது பேரோட உக்காந்து அவ டிவி பாத்துட்டிருந்தா."

அவர் உதட்டுச்சாயத்தைக் கையில் எடுத்தார்.

"பாட்டு எழுதினவர்கிட்ட போன்ல அழுதேன். 'ரெண்டாவது சரணத்துல உங்கக்காவ வெச்சுக்கறேன், அத எவனும் கேக்க மாட்டான்'னார். வெச்சார். செதில் ஒட்டின கை, ஸ்டேஷன்ல என் ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்ட கை, எல்லாம் இருக்கு. டிவியில ரெண்டாவது சரணத்துக்கு நேரம் தரமாட்டான். முதல் சரணம் முடிஞ்சா நேரா கடைசிப் பல்லவி. ரெக்கார்டு அனுப்பினேன். கட்டின சணல்கூட அவிழாம திரும்பி வந்துச்சு. அப்படி ஒரு சரணம் இருக்குன்னு சொன்னா நம்பறதில்ல. சமாளிக்கறேங்கறா." உதட்டுச்சாயத்தை மூடினார். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சேர்றா. வயித்துல கட்டி. திறந்து பாத்துட்டு மூடிடுவாங்கன்னு அவளுக்கே தெரியும். அதான் உங்ககிட்ட ரெக்கார்டு இருக்குன்னதும் ஒத்துக்கிட்டேன். இன்னிக்கு அவ முன்னாடி, முழுசா, இசையோட."

இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பது எங்கள் மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"தண்ணி கொண்டு வரேன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

விழாக்குழுவின் ஒலியமைப்பு மேசையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாட்டு இரண்டு வாரம் முன்பே அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதல் சரணத்தின் இசையை நகலெடுத்து நடுவில் இன்னொரு தடவை ஒட்டினால் போதும், ஒரு நிமிட வேலை என்றேன்.

"மாற்றம் இருந்தா எட்டு நாள் முன்னாடி படிவம் குடுத்திருக்கணும்."

"ஒருத்தங்க வாழ்க்கைப் பிரச்சனை இது."

"அதுக்குத் தனிப் படிவம் இல்ல," என்றாள். கிண்டல் செய்யவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

மேடைக்குப் பின்னால் மொகாமி முப்பது சாட்டின் அங்கிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என்னது ரெண்டாவது சரணம்?"

"இருக்கு தலைவரே. ரெக்கார்டுல இருக்கு."

"வீடியோவுல இல்லயே."

"டிவியில வெட்டிட்டாங்க."

மொகாமி யோசித்தார். "தொகாஷி, நாம பாதுகாக்கறது ஜனங்க கேட்ட பாட்ட. ஜனங்க கேட்டது ரெண்டு நிமிஷம் பத்து நொடி. அதுக்கு மேல இருக்கறது வரலாறு இல்ல, அவங்க சொந்த விஷயம்."

அவரை நான் அடித்திருக்கலாம். ஆனால் இதே வாக்கியத்தைப் போன வருடம் மன்ற இதழில் நான்தான் எழுதியிருந்தேன்.

மேடைப்படியில் ரெய்-சான் நின்றிருந்தார். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். பின்னணி வேண்டாம், வெறும் குரலில் பாடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "நீ ஏன்டா வேர்க்கற? பாடப்போறது நான்," என்றார்.

"நல்லா பாடுங்க," என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

முதல் சரணம் நன்றாகப் போனது. குரல் நாற்பது வருடம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற குரல். ஆனால் அந்த உடைசல் அப்படியே இருந்தது. ரசிகர் படை நொடி பிசகாமல் கத்தியது. கூட்டம் சிரித்து, பிறகு தானும் கைதட்டியது. முன்வரிசையில் ஊதாத் தொப்பி அசையாமல் இருந்தது.

முதல் சரணம் முடிந்தது. ரெய்-சான் மேடை விளிம்புக்கு நடந்துவந்து, அந்த நாற்காலிக்கு நேராக நின்றார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

என் பின்னணி இசை கடைசிப் பல்லவிக்குத் தாவியது. முப்பது பேர் அவர் பெயரைக் கத்தினார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதச் சுருள்கள் அவர் தோளிலும் தலையிலும் விழுந்தன. முதல் சொல் அவர் வாயில் உருவானதை நான் பார்த்தேன். அது என்ன சொல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை நொடி. பிறகு அவர் தலையைச் சாய்த்தார், வீடியோவில் சாய்த்த அதே கோணத்தில். சிரித்தார். பல்லவியில் சேர்ந்துகொண்டார். தொழில் தெரிந்தவர்.

கும்பிட்டு நிமிர்வதற்குள் விழாக்குழுப் பெண் நேரம் முடிந்ததென்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அடுத்தது பொருளாதாரத் துறை ஆண்களுக்கான அழகிப் போட்டி. பதினொரு பேர் குதிகால் செருப்போடு ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்கள்.

204இல் ரெய்-சான் தலைமுடியிலிருந்து காகிதச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்து எடுத்த இசைய?"

"வீடியோவுலேர்ந்து."

"ரெக்கார்டு இருக்குன்னியே."

"இருக்கு. கேட்டதில்ல."

"கேட்டதில்ல," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தடியின் சத்தம் வந்தது. தொமி அம்மாள் வாசலிலேயே நின்றார். "டிவியில பாத்த மாதிரியே இருந்துச்சு," என்றார். "ஒண்ணுகூட மாறல."

"அக்கா, இன்னொரு சரணம் இருக்கு."

"நாப்பது வருஷமா இதத்தான் சொல்ற ஹரு. இருந்தா இன்னிக்குப் பாடியிருக்க மாட்டியா?" குரலில் கோபமே இல்லை. "விடு. பாத்தேன், போதும். நாலு மணிக்குப் பஸ்."

"தப்பு என்னோடதுங்க," என்றேன். "ரெக்கார்டு எங்க ரூம்லயே இருக்கு. ப்ளேயரும் இருக்கு. பத்து நிமிஷம் உக்காருங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தார், கடைசியாக ஒரு தடவை நம்பி.

"பத்து நிமிஷம்னா பத்துதான்," என்று தொமி அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மொகாமி சாவியைத் தரமாட்டார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கூட ஓடிவந்தார். அலமாரியைத் திறந்தார். ப்ளேயரின் துணியை எடுத்தார். கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினார். உறைக்குள் பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் இருக்க வேண்டும். இல்லை. தட்டை வெளியே எடுத்தோம். நடுவில் ஒட்டிய வட்டத்தாள் நீல நிறத்தில் இருந்தது. அதில் 'தொடக்கப் பள்ளிகளுக்கான உடற்பயிற்சி இசை, பாகம் இரண்டு' என்று போட்டிருந்தது.

அப்போதும் அதை ப்ளேயரில் வைத்து ஊசியை இறக்கினோம். தட்டிலிருந்து ஒருவர், கையை மேலே தூக்கும்படி சொன்னார்.

மற்ற நாற்பத்தாறும் அப்படித்தானோ என்று எனக்குத் தோன்றியது. மொகாமிக்கும் தோன்றியிருக்க வேண்டும். அலமாரியைப் பூட்டிவிட்டார்.

வெறும் உறையோடு 204க்குத் திரும்பினேன். நடந்ததைச் சொன்னேன். தொமி அம்மாள் உறையை வாங்கி, அட்டையில் இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்தார். உறைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. இதற்குமேல் வாதாடப் போவதில்லை என்று முடிவுசெய்தவரின் சிரிப்பு.

"இந்தத் தம்பிக்கும் சொல்லிக் குடுத்துட்டியா," என்றார் தங்கையிடம்.

ரெய்-சான் அப்போது அங்கேயே பாடியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தார். வெளியே மைதானத்தில் அழகிப் போட்டிக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது. தொமி அம்மாள் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சட்டை நல்லா தெச்சிருக்க," என்று தங்கையின் காலர் மடிப்பை விரலால் நீவிவிட்டார். பஸ் நிறுத்தம்வரை அவர்கள் இருவரும் நடந்துபோனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மொகாமி மன்ற இதழில் விழாவைப் பற்றி எழுதினார். 'நூற்றுக்கு நூறு அசல்' என்பது தலைப்பு. நான் மெய்ப்புத் திருத்தினேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நவம்பரில் நான் சூப்பர் மார்க்கெட் பக்கம் போகவில்லை. சுற்றுவழியாக முன்வாசலில் போனேன்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு தபால் அட்டை வந்தது. வீட்டில் துக்கம், அதனால் இந்த வருடம் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப இயலாது என்று எல்லோரும் அனுப்பும் சாம்பல் நிற அட்டை. 'என் அக்கா சாகுமா தொமி, வயது எழுபது, நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலமானார்.' அனுப்பியவர் சாகுமா ஹருயோ, ரெய்-சானின் சொந்தப் பெயர். அவருக்கு ஒரு அக்கா உண்டு என்று அச்சில் வந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

கீழே பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார்.

'ஆஸ்பத்திரியில் பாடிக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். நல்லா இருக்கு, இத இப்போ எழுதினியா என்றாள்.'